இரண்டு கோட் கரும்பழுப்பு

சுவரிலிருந்து உரிந்த பெயின்ட் இந்தத் தடவை மாமனாரின் டீயில் விழுந்தது.

நேற்று செய்தித்தாளில் விழுந்தது. முந்தாநாள் வழுக்கையில் விழுந்தது. அப்போதெல்லாம் தட்டிவிட்டுப் போன மனிதர், இன்றைக்கு டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, மிதக்கிற பச்சைத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இது கரையாது போலிருக்கே."

"வேற டீ போடறேன் மாமா," என்றார் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்.

"வேற சுவர் போடுங்க, அது போதும்," என்றாள் சமையலறையிலிருந்து அவர் மனைவி.

அவள் குரலை உயர்த்திப் பேசுகிறவள் அல்ல. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எவ்வளவு மோசமான செய்தியானாலும் சர்க்கரை அளவு சொல்கிற குரலில் சொல்லிப் பழகியவள். அதே குரலில், கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னாள்:

"அக்கா வீட்டுக்குப் பக்கத்து ஃபிளாட் காலியா இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் விக்க மாட்டேன்னு அந்த ஃபிளாட்காரர் சொல்லியிருக்கார். அதுக்குள்ள இந்த வீடு மனுஷங்க இருக்கற வீடா மாறணும். மாறலைன்னா இதை வித்துட்டு அங்க போயிடலாம்."

"அது பதினோராவது மாடியாச்சே."

"லிஃப்ட் இருக்குங்க."

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிஃப்ட் இருக்கிறது என்பதுதானே அவருடைய பயமே. ஊரிலுள்ள லிஃப்ட்டுகளுக்கெல்லாம் சான்றிதழ் கொடுக்கிற வேலை அவருக்கு. எந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்த மனிதன் நிம்மதியாக லிஃப்ட்டில் ஏற முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. சொந்த வீடு என்று ஒன்று வாங்கினால், அது தரையில் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் மண்ணில் கால் பட வேண்டும். அப்படித் தேடித் தேடி, பழைய மேஜை, சோபா, அலமாரியோடு சேர்த்து வாங்கிய வீடு இது. அவருக்கு இந்த வீட்டின்மேல் கொள்ளைப் பிரியம். வீட்டுக்குத்தான் அவர்மேல் பிரியமில்லை.

முதலில் வெளிப்பக்கம், அப்புறம் உள்பக்கம் என்று திட்டம் போட்டு, அன்று மாலையே பெயின்ட் கடைக்குப் போனார்.

"வெளிச்சுவருக்கு என்ன கலர் நல்லா இருக்கும்?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வீட்டு ஓனரா?"

"ஆமா," என்றார் இன்ஸ்பெக்டர். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்கிறார். நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? எங்கிட்ட வாங்கற ஓனருங்க எல்லாம் சேர்ந்து போன்ல ஒரு குரூப் வச்சிருக்காங்க. பெயின்ட், ஃபர்னிச்சர், அலங்காரம். இதைத் தவிர வேற பேச்சே கிடையாது. வருஷம் பூரா எதையாவது அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. தங்கமான மனுஷங்க. சேர்த்துவிடட்டுமா?"

சேர்த்துவிட்டார். குழுவின் பெயர் 'வீட்டு உரிமையாளர் ஆலோசனை மன்றம்'. உள்ளே நுழைந்ததும் அட்மின் விதிமுறைகளை அனுப்பினார். பெயர் எழுதக்கூடாது. உறவு எழுதக்கூடாது. எதற்காகச் செய்கிறோம் என்ற காரணம் எழுதவே கூடாது. கேள்வியும் யோசனையும் மட்டும்தான். முன்பு யாரோ விலாவாரியாக எழுதி, அது வெளியே போய்ப் பெரிய வம்பாகிவிட்டதாம்.

வேறு யாராவது என்றால் இதென்ன கெடுபிடி என்று வெளியே வந்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோனார். விதிமுறை என்று எங்கே எழுதியிருந்தாலும் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மனிதர் அவர். அலுவலகத்தில் ஒரு லிஃப்ட் ஓட வேண்டுமென்றால் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குமேல் அவர் யோசிப்பதில்லை. விழாவிட்டால், மந்திரியே உள்ளே நின்றாலும் பொத்தானை அமுக்க விடமாட்டார்.

கவனமாகத் தட்டச்சு செய்தார். "வணக்கம். சமீபத்தில் வாங்கிய பழைய வீடு. உள்ளே இருப்பவர்களை மனதில் வைத்து வெளிச்சுவருக்கு ஒரு நிறம் சொல்லவும்."

"எத்தனை பேர்?" என்று அட்மின் கேட்டார்.

தன்னை விட்டுவிட்டு எண்ணினார். மனைவி, மாமனார், கல்லூரியில் படிக்கும் மகள். "மூன்று பேர்."

"எப்போதைக்குள் முடியணும்?"

"மாதக் கடைசிக்குள்."

பிறகு 'மூணு வீடு' என்ற பெயரில் இருந்தவர் எழுதினார்: "மாசக் கடைசிக்குள்ளயா? உங்க தைரியத்தைப் பாராட்டறேன். முயற்சி பண்ணுவோம். மேற்குப் பக்கச் சுவருக்குக் கரும்பழுப்பு, ரெண்டு கோட்."

அட்மின் கட்டைவிரலை உயர்த்தினார். 'மாடி வீட்டம்மா' உயர்த்தினாள். கடைசியாக, பெயரே இல்லாமல் ஒரு குடைப் படத்தை மட்டும் வைத்திருந்த யாரோ உயர்த்தினார்கள். மூன்று கட்டைவிரல். இன்ஸ்பெக்டரைப் பொறுத்தவரை சான்றிதழ் கிடைத்துவிட்டது.

நான்கு நாளில் வேலை முடிந்தது. தெருவில் நின்று பார்த்தால், வீடு உண்மையிலேயே கம்பீரமாகத்தான் இருந்தது. உள்ளே போனால்தான் தெரிந்தது சங்கதி. மத்தியானம் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவர் சாயங்காலம் வீட்டுக்குள் கக்கியது. குளியலறையில் சோப்பு குழைந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. மகள் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன்னால் நாற்காலி போட்டுப் படித்தாள். மாமனார் சுவரில் சாய்ந்தவர், சாய்ந்த வேகத்திலேயே எழுந்தார்.

"மாப்பிள்ளை, உள்ள எங்கயாவது அடுப்பு எரியுதா?"

"புதுப் பெயின்ட் மாமா. அப்படித்தான் இருக்கும்."

மனைவி சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், நோயாளியின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. "நூத்தி நாலு இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் பதறிப்போய்க் குழுவில் எழுதினார். "வீட்டுக்குள் தாங்க முடியாத சூடு. உள்ளே இருப்பவர்கள் தவிக்கிறார்கள்."

பத்துப் பதினைந்து கட்டைவிரல்கள் உயர்ந்தன. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தவிக்கிறார்கள் என்று எழுதினால் ஒரு மனிதன் 'ஐயோ' என்றல்லவா எழுத வேண்டும்?

"நல்ல ஆரம்பம்," என்று எழுதினார் அட்மின். "பெயின்ட்டை மாத்திடாதீங்க. அடுத்ததுக்குப் போங்க."

அடுத்ததை மாடி வீட்டம்மா சொன்னாள். "சூடு ஜன்னல் வழியாவும் வரும். மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கமா பலகை அடிச்சிடுங்க."

மூன்று கட்டைவிரல். தச்சர் வந்து பலகை அடித்துவிட்டுப் போனார். சூடு குறைந்ததோ இல்லையோ, வெளிச்சம் அடியோடு போய்விட்டது. பட்டப்பகலில் மாமனார் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். சுவர் சுட்டதால் அதையும் முழுசாகத் தடவ முடியவில்லை.

"இருட்டாக இருக்கிறது," என்று எழுதினார் இன்ஸ்பெக்டர்.

"ஹாலுக்குப் பளபளப்பான சிவப்பு அடிங்க," என்றார் மூணு வீடு. "எதிர்ச் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. ஒரே ஒரு லைட்டைப் போட்டாப் போதும், வீடே எரியற மாதிரி வெளிச்சம் வரும்."

எரிகிற மாதிரி என்ற வார்த்தையில் கொஞ்சம் தயங்கினார். ஆனால் கட்டைவிரல்கள் விழுந்துவிட்டன. முதலில் அட்மின், அப்புறம் மாடி வீட்டம்மா, அப்புறம் அந்தக் குடை.

அன்று வேலையிலிருந்து திரும்பிய மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கைப்பை தோளிலிருந்து நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க இது?"

"சிவப்பு."

"நாள் பூரா ரத்தம்தாங்க பார்க்கறேன். வீட்டுக்கு வந்தா சாம்பிள் டியூபுக்குள்ள இறங்கின மாதிரி இருக்கு."

"ராத்திரி லைட்ல பார்த்தா அழகா இருக்கும்மா."

"இப்ப ராத்திரிதாங்க."

அதிர்ச்சி அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் மாமனார், மூக்குக்கண்ணாடியைப் போட மறந்து ஹாலுக்கு வந்தவர், நிலைக்கண்ணாடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் பல் விளக்கிக்கொண்டு வந்தபோது, மாமனார் அவரைத் தனியாக ஓரங்கட்டினார்.

"மாப்பிள்ளை, யாரோ ஒருத்தர் வந்திருக்கார். நானும் அரைமணி நேரமா உக்காருங்க உக்காருங்கன்னு கை காட்டறேன். பதிலுக்கு அவர் என்னை உக்காரச் சொல்றார். நம்ம வீட்டுல வந்து நம்மளையே உபசாரம் பண்றாரு. யாரு அது?"

இன்ஸ்பெக்டர் வாயிலிருந்த நுரையோடு அப்படியே நின்றார். எப்படிச் சொல்வது? மகள்தான் தாத்தாவின் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். மாமனார் எதிரே இருந்தவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில், வியர்த்து வழிந்துகொண்டு, தலையில் படுக்கையறைச் சுவரின் பச்சைப் பெயின்ட் துகளோடு ஒரு கிழவர். அவருக்கு மனசு விட்டுப்போனது.

"நான் ரெண்டு நாள் பெரியவ வீட்டுல இருந்துட்டு வரேன்," என்றார். பெரியவள் என்றால் மூத்த மகள். பதினோராவது மாடி. ரெண்டு நாளைக்கு என்று சொன்னவர் போர்வை, செருப்பு, கால்வலித் தைலம் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டதை இன்ஸ்பெக்டர் கவனித்தார்.

விதிமுறைப்படி உறவு எழுதக்கூடாது என்பதால், "உள்ளே இருந்த பெரியவர் கிளம்பிவிட்டார்" என்று மட்டும் குழுவில் எழுதினார்.

அவர் எழுதி முடிப்பதற்குள் பூங்கொத்துகள் வர ஆரம்பித்துவிட்டன. கைதட்டல்கள் வந்தன. மாடி வீட்டம்மா ஒரு ஆட்டம் போடும் கரடியை அனுப்பினாள். இன்ஸ்பெக்டர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எண்பது வயது மனிதர் போக்கிடம் தேடிப் போயிருக்கிறார், இவர்கள் கரடி அனுப்புகிறார்கள். ஒருவேளை ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அனுப்பியிருப்பார்கள். பெரிய பெரிய வீட்டுக்காரர்கள், இதையெல்லாம் கடந்து வந்தவர்கள்.

"கலங்காதீங்க," என்றார் அட்மின். "நீங்க எதிர்பார்க்கற முடிவு கட்டாயம் வரும். எங்க அனுபவத்துல சொல்றோம்."

அந்த வார்த்தையில் அவருக்குத் தெம்பு வந்தது. முடிவு என்றால் என்ன? மனைவி ஒருநாள் வாசலில் நின்று, 'வீடு நல்லாதாங்க இருக்கு' என்று சர்க்கரை அளவு சொல்கிற குரலில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை கோட் வேண்டுமானாலும் அடிக்கத் தயாராக இருந்தார்.

சூட்டில் அடுத்துப் பலியானது மர அலமாரி. பக்கவாட்டுப் பலகை காய்ந்து, விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டது. மனைவியும் மகளும் உடுப்பெல்லாம் அதில்தான் வைத்திருந்தார்கள். குழுவில் கேட்டார்.

"மரத்துக்கு எண்ணெய்ப்பசை போயிடுச்சு," என்றார் மூணு வீடு. "மீன் எண்ணெய் வாங்கி உள்ளேயும் வெளியேயும் நல்லாத் தேய்ங்க. படகுக்கெல்லாம் அதைத்தான் பூசுவாங்க. மரம் அப்படியே குடிச்சுக்கும்."

மூன்று கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் மகளும் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், பனியனோடு உட்கார்ந்து இன்ஸ்பெக்டரே தேய்த்தார். மரம் குடித்தது. மிச்சத்தை உடுப்புகள் குடித்தன. சாயங்காலம் ஜன்னலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. இருட்டுவதற்குள் வாசலில் ஒன்பது பூனைகள். அந்தத் தெருவில் பூனைகள் இருக்கிற விஷயமே அவருக்கு அதுவரை தெரியாது.

திங்கட்கிழமை மத்தியானம் மகள் கல்லூரியிலிருந்து அழாத குறையாகத் திரும்பி வந்தாள்.

"அப்பா, லைப்ரரியில என் பக்கத்துல உக்காந்த பொண்ணு எழுந்து வேற டேபிளுக்குப் போயிட்டா. அங்க இருந்தவங்களும் எழுந்துட்டாங்க. கடைசியில லைப்ரரியனும் வெளிய போயிட்டார்ப்பா."

"துவைச்சாப் போயிடும் கண்ணு."

"மூணு தடவை துவைச்சுட்டேன். பஸ் ஸ்டாப்புல பூனை என் பின்னாலயே வருது. பஸ்ல ஏறப் பார்த்துச்சு."

"உங்கம்மா எதுவும் சொன்னாளா?"

"லேப்ல ரத்தம் குடுக்க வந்த ஒருத்தர், 'சிஸ்டர், நான் அப்புறம் வரேன், நீங்க முதல்ல மீனை வித்துட்டு வாங்க'ன்னு சொல்லிட்டாராம். அம்மா பாத்ரூம்ல போய் அழுதிருக்கா. எனக்குப் பரீட்சை வருதுப்பா. நான் பெரியம்மா வீட்டுல இருந்து படிக்கிறேன்."

மனைவி அழுது அவர் பார்த்ததே இல்லை. மாமியார் இறந்தபோதுகூட, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவள். மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து எழுதினார். "இளையவரும் போய்விட்டார். இப்போது ஒருவர்தான் பாக்கி. தயவுசெய்து இந்தத் தடவை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். இவரும் போய்விட்டால் என் கதை முடிந்தது."

குழு பரபரப்பாகிவிட்டது. ஒரே சமயத்தில் ஐந்தாறு பேர் எழுதினார்கள். இந்தக் கடைசி ஒருவர்தான் கஷ்டம், அவசரப்படக்கூடாது, இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள், சோபாவிலும் வாசற்கதவிலும்தான் சூட்சுமம் இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். தன் ஒருவன் குடும்பத்துக்காக இத்தனை முகம் தெரியாத மனிதர்கள் வேலையை விட்டுவிட்டு யோசிக்கிறார்களே என்று இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கியது.

சோபா ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது. மீன் வாசத்துக்கு உள்ளே புகுந்த பூனைகள் மெத்தையைக் கிழித்து நாராக்கியிருந்தன. "மெத்தையே வேண்டாம்," என்றாள் மாடி வீட்டம்மா. "தூக்கிப் போட்டுட்டுப் பலகையை வச்சு ஆணி அடிங்க. மேல மெல்லிசா துணி போர்த்திடுங்க. பார்வைக்கு மெத்தை மாதிரியே இருக்கும்."

பூனை வராமலிருக்க வாசற்கதவுக்கு வழி சொன்னவர் அட்மின். "கீலுக்கு எண்ணெய் விடாதீங்க. கொஞ்சம் மணலைப் போடுங்க. திறக்கும்போது வர்ற சத்தத்துல ஒரு ஜீவன் அந்தப் பக்கம் தலை வைக்காது."

சோபாவுக்கு மூன்று. கதவுக்கு மூன்று. சட்டப்படி எல்லாம் சரி.

மறுநாள் மனைவி வேலை முடிந்து வந்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டே ஊசி குத்தியவள். கதவைத் தள்ளினாள். கதவு ஒரு அலறல் அலறியது. பக்கத்து வீட்டில் குழந்தை ஒன்று எழுந்து அழுதது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, சிவப்புச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நடந்துபோய், களைப்போடு சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அந்தச் சத்தம் கதவின் சத்தத்தைவிடப் பயங்கரமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். "அடிபட்டுருச்சாம்மா?"

அவள் துணியை ஒரு ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். ஆணிகளைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"உங்களுக்கு எங்க மேல என்னங்க கோவம்?"

"கோவமா? எனக்கா?"

"இருந்தாச் சொல்லிடுங்க. அப்பாவை வச்சுப் பார்த்துக்கறது கஷ்டமா இருந்தா நேராச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு செலவு பண்ணியிருக்க வேண்டாம்."

"நீங்க எல்லாம் இங்கயே இருக்கணும்னுதாம்மா இவ்வளவும் பண்றேன்."

"இருக்கறதுக்கா?" என்று அவள் கேட்டாள். கைப்பையைக் கீழேகூட வைக்கவில்லை, அப்படியே எழுந்தாள். வாசலில் நின்று மட்டும் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த ஃபிளாட்காரர் பதில் கேட்டு வரார். நான் சரின்னு சொல்லப் போறேன். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னு இருந்தா அங்க வந்து சொல்லுங்க."

கதவு மறுபடியும் அலறியது. அவள் போய்விட்டாள்.

ராச்சாப்பாடு இறங்கவில்லை. பலகையில் உட்கார்ந்திருந்தார். சுவர் அனலடித்தது. கண்ணாடியில் ஒரு சிவப்பு மனிதன், அவரைப் போலவே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெட்கத்தை விட்டு எழுதினார்: "எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டில் யாருமே இல்லை."

இந்தத் தடவை குழு வெடித்தது. பூ, கேக், பட்டாசு, ஆட்டம் போடும் கரடி, அதன் குட்டி. "நம்ப முடியலை," என்றார் மூணு வீடு. "மாசம்கூட முடியலையே," என்றாள் மாடி வீட்டம்மா. அட்மின் எழுதினார்: "இதை நாங்க நேர்ல வந்து பார்த்தே ஆகணும். ஞாயித்துக்கிழமை காலையில வரலாமா?"

இன்ஸ்பெக்டர் பூவையும் கரடியையும் ஒதுக்கிவிட்டார். நேரில் வருகிறோம் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் துறையில் லிஃப்ட் ஒன்று அறுந்து விழுந்தால், மறுநாளே குழு ஒன்று நேரில் வரும். தொட்டுப் பார்க்கும். எங்கே தப்பு என்று சொல்லும். எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்லும். அந்த மாதிரிதான் இதுவும். காலையில் வந்து சொன்னார்களானால், சாயங்காலம் ஃபிளாட்காரர் வருவதற்குள் மனைவியின் காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அட்மின், வெள்ளைச் சட்டையும் சாந்தமான முகமுமாக இருந்தார். மூணு வீடு, எதிர்பார்த்ததற்கு மாறாக, ஒல்லியாக ஒரு ஆள். மாடி வீட்டம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கூடவே இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் பின்னால், கையில் ஒரு பையைக் கட்டிப்பிடித்தபடி சின்ன உருவத்தில் ஒரு அம்மாள்.

கதவு அலறியதும் அட்மின் கண்களை மூடிக்கொண்டார், நல்ல பாட்டைக் கேட்கிற மாதிரி.

"மணல்தானே?"

"மணல்தான் சார். நீங்க சொன்னபடியே."

உள்ளே வந்தார்கள். ஒருவர் சுவரில் உள்ளங்கையை வைத்து, "ஸ்ஸ்" என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்களையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். மாடி வீட்டம்மா அலமாரிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தாள். வெளியே வந்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது, முகத்தில் சிரிப்பு. மூணு வீடு சோபாவில் உட்கார்ந்து, உடனே எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார். நாங்க சொல்றதோட சரி. இவ்வளவு நேர்மையா யாருமே செஞ்சதில்ல."

இன்ஸ்பெக்டர் திகைத்து நின்றார். விசாரணைக் குழு என்றல்லவா நினைத்தார்? இவர்கள் கண்காட்சிக்கு வந்த மாதிரி சுற்றுகிறார்கள். வீடு நாசமாகிக் கிடக்கிறது, பிரமாதம் என்கிறார்கள். ஒருவருக்காவது முகத்தில் வருத்தம் வேண்டாமா? கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அட்மின் பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறினார். "சார், ரெண்டு வார்த்தை பேசுங்க. நம்ம மன்றத்துல உங்களை மாதிரி ஒருத்தர் கிடையாது. புதுசா சேர்ந்தவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

பொன்னாடை தோளில் விழுந்தது. வீட்டுக்குள் இருந்த சூட்டில் அது கம்பளி மாதிரி கடித்தது. அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த எல்லாம் இன்ஸ்பெக்டருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"பேச எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். ஒரு கோட் குறைக்கல. ஒரு ஆணி குறைக்கல. மாமனார் போயிட்டார். பொண்ணு போயிட்டா. என் மனைவி போயிட்டா. இன்னிக்குச் சாயங்காலத்தோட இந்த வீடும் என் கையை விட்டுப் போகப்போகுது. பெரியவங்க எல்லாரும் வந்திருக்கீங்க. அவங்க திரும்பி வரதுக்கு என்ன கலர் அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க சார்."

அட்மினின் சாந்தமான முகம் வெளுத்தது. மூணு வீடு இடுப்பிலிருந்து கையை எடுத்தார். மாடி வீட்டம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இத்தனை நாளாக இன்ஸ்பெக்டர் மட்டும் தனியாகப் பட்டுக்கொண்டிருந்த அதிர்ச்சி, இப்போது அந்தச் சிவப்பு ஹாலில் ஒவ்வொரு முகத்திலும், எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் இன்னொரு தடவையும் தெரிந்தது.

கடைசியில், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற அந்தச் சின்ன அம்மாள்தான் மெதுவாக முன்னால் வந்து, அவர் முகத்தைப் பாவமாகப் பார்த்துக் கேட்டாள்:

"சார், காலி பண்ண மாட்டேன்னு அடம்பிடிக்கற குடித்தனக்காரங்களைக் கிளப்பறதுக்குத்தானே நாங்க இந்தக் குரூப்பையே வச்சிருக்கோம், நீங்க சொந்தப் பெண்டாட்டி பிள்ளையையா கிளப்பினீங்க?"